ஊரில் ஒரு கைக்கண்ணாடி கூட இல்லை

அண்ணி: இந்த ஊர்ல இப்போ முகம் பாக்குற கைக்கண்ணாடின்னு ஒண்ணு கூட கடையில கிடையாது. மொத்தமும் வித்துத் தீந்து போச்சு. எல்லாம் என்னாலதான்!

நாத்தனார்: சாவியக் குடுங்க அண்ணி.

அண்ணி: பாத்தியா, நம்ப மாட்டேங்கிற.

நாத்தனார்: போன வாரம், நீங்க பேசின பேச்சுல லிஃப்ட் ஆளே இல்லாம மேல போச்சுன்னீங்க. அதுக்கு முன்னாடி, பிரசவ வார்டுல உங்க குரலக் கேட்டு ரெட்டைப் பிள்ளைங்க வரிசையில நின்னு வெளிய வந்துச்சுன்னீங்க.

அண்ணி: வந்துச்சே! பெரியது சின்னதப் பாத்து, "நீ முன்னால போ"ன்னு வழி விட்டுச்சு. நர்ஸா இத்தனை வருஷம் இருந்தவ சொல்றேன், கணக்கு டீச்சர் நம்ப மாட்டேங்கிறா.

நாத்தனார்: சாவி. கீழ் ஹால் சாவி. சாயங்காலம் நம்ம ஃபிளாட் கமிட்டி கூடுது. செக்ரட்டரி நான் வெறுங்கையோட போய் உக்கார முடியாது.

அண்ணி: அப்போ பொம்பளைங்களுக்கு நான் எடுக்குற சனிக்கிழமை கிளாஸு?

நாத்தனார்: இனிமே இல்ல.

அண்ணி: அடிப்பாவி! ஊர்ல எவளாவது பூட்டியிருந்தா மனசு ஆறிடும். சொந்த நாத்தனாரே பூட்டுறாளே...

நாத்தனார்: நான் என்ன பண்றது? கீழ்வீட்டு இன்ஜினியர் மீட்டிங்ல எழுந்து நின்னு, ஒரே சத்தம்னு சொல்லிட்டார். கமிட்டில பாதிப் பேர் அவர் பக்கம், பாதிப் பேர் உங்க பக்கம். நடுவுல நான் மாட்டிக்கிட்டேன்.

அண்ணி: சத்தமாம் சத்தம்! நாங்க என்ன இரும்பா அடிக்கிறோம்? சிரிக்கிறோம்.

நாத்தனார்: மத்தியானத் தூக்கம் கெடுதாம் அவருக்கு.

அண்ணி: அவருக்குக் கெட்டது மத்தியானத் தூக்கம் இல்லடி. ராத்திரி...

நாத்தனார்: அண்ணி!

அண்ணி: கேளு. என் கிளாஸுக்கு வந்துட்டுப் போன அவர் வீட்டம்மா, கல்யாணம் ஆன நாள்லேருந்து முதல் தடவையா வாயத் திறந்து, "கொஞ்சம் இருங்க... எனக்கு இன்னும் ஆகல"ன்னு சொல்லியிருக்காங்க. மனுஷன் பதறிப் போய் எழுந்து, லைட்டப் போட்டு, "என்ன ஆகல?"ன்னு கேட்டாராம்!

நாத்தனார்: க்கும்... க்கும்...

அண்ணி: சிரிக்கிற.

நாத்தனார்: இல்ல... தண்ணி புரை ஏறிடுச்சு.

அண்ணி: டம்ளர் காலியா இருக்கே! அத எப்படி மீட்டிங்ல சொல்றது? அதான் "சத்தம்"னு சொல்லி வெச்சிருக்கார்.

நாத்தனார்: சரி சரி. நீங்க எத வேணா சொல்வீங்க. அவர் சொன்னதுக்கு ஆள் சாட்சி இருக்கு. உங்க கதைக்கு என்ன சாட்சி?

அண்ணி: சாட்சி வேணுமா? நிரூபிச்சுட்டா?

நாத்தனார்: எத?

அண்ணி: கண்ணாடி தீந்தத. ஒரே ஒரு ஆள் வந்து, "ஆமா, ஊர்ல கண்ணாடி இல்ல, நானே பாத்தேன்"னு சொன்னா, சாவி என் இடுப்புலயே இருக்கும். உன் ஓட்டு எனக்கு. சரியா?

நாத்தனார்: சொல்லலேன்னா?

அண்ணி: நானே ஹாலப் பூட்டி சாவிய உன் கையில குடுத்துடறேன். அப்புறம் இந்த விஷயமா வாயே திறக்க மாட்டேன்.

நாத்தனார்: நீங்க? வாயத் திறக்க மாட்டீங்க?

அண்ணி: சத்தியமா.

நாத்தனார்: சரி, ஒத்துக்கிட்டேன். நான் சொன்ன சொல் மாறமாட்டேன், தெரியுமில்ல?

அண்ணன்: ஏம்மா! பால்கனில என் ஷேவிங் கண்ணாடி எங்க?

அண்ணி: அங்கதாங்க இருக்கும்! ஆணில!

அண்ணன்: நுரையெல்லாம் பூசிட்டு நிமிர்ந்து பாக்கிறேன், ஆணி மட்டும் என்னையப் பாக்குது!

அண்ணி: பாத்ரூம் கண்ணாடியில பாத்துக்கோங்களேன்!

அண்ணன்: அங்க வெளிச்சம் போதாது. என்னுது ஒரு பக்கம் பெருசாக் காட்டும். அது இல்லாம எனக்குத் தாடை எங்க முடியுதுன்னே தெரியாது.

நாத்தனார்: நான்... நான் அப்புறமா வரட்டுமா அண்ணி?

அண்ணி: உக்காருடி. பந்தயம் கட்டிட்டு எங்க ஓடுற? கதையக் கேளு. கிளாஸுக்கு தையல்காரி வர்றா இல்ல, மூலை வீட்டுக்காரி...

நாத்தனார்: என் ஜாக்கெட் எல்லாம் அவங்கதான் தைக்கிறாங்க.

அண்ணி: அவளேதான். சனிக்கிழமை எழுந்து நின்னு, "சிஸ்டர், ஊர்ல உள்ள எல்லாப் பொம்பளைங்க அளவும் எனக்கு அத்துப்படி. ஆனா என்னைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. கீழ எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல"ன்னா. நாலு பிள்ளை பெத்தவ! டாக்டர் பாத்தாச்சு, நர்ஸ் நான் பாத்தாச்சு, புருஷன் இருட்டுல என்னத்தப் பாத்தானோ. உரிமைக்காரி மட்டும் பாக்கவே இல்ல!

நாத்தனார்: மெதுவா பேசுங்க. அண்ணன் உள்ள இருக்கான்.

அண்ணி: அவருக்கு இதெல்லாம் மனப்பாடம். நான் வீட்ல சொல்லிப் பாத்துட்டுத்தான் கிளாஸுல சொல்லுவேன்... ஏங்க, அப்படித்தானே?

அண்ணன்: என்னை எதுக்கு இழுக்குற? நான் கண்ணாடி தேடிட்டிருக்கேன்!

அண்ணி: அப்புறம் கேட்டேன், யார் யார் பாத்திருக்கீங்க, கையத் தூக்குங்கன்னு. ஒரு கை எழுந்திருக்கணுமே! அத்தனை பேரும் ஃபேனப் பாக்கிறாங்க. அப்போ சொன்னேன்: "வீட்டுக்குப் போங்க. கதவச் சாத்துங்க. ஒரு கைக்கண்ணாடிய எடுத்துக்கிட்டு ஆற அமர உக்காந்து பாருங்க. சிவந்திருக்கோ, கறுத்திருக்கோ, ஒரு பக்கம் பெருசோ, ஒரு பக்கம் சிறுசோ... எல்லாமே அழகுதான். கையால தொட்டுப் பாருங்க, எது சுகமா இருக்குன்னு நீங்களே கண்டுபிடிங்க. பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது."

நாத்தனார்: மார்க் கிடையாதுன்னதும்தான் எல்லாரும் அப்படிச் சிரிச்சாங்க.

அண்ணி: ஆமா, அந்தச் சிரிப்புலதான் ஜன்னல் கண்ணாடி... இரு. அவங்க சிரிச்சது உனக்கு எப்படித் தெரியும்?

நாத்தனார்: சத்தம்னு புகார் வந்துச்சே. எவ்வளவு சத்தம்னு பாக்க வேணாமா? செக்ரட்டரி இல்லையா நான்? வராந்தாவுல... சும்மா நின்னேன்.

அண்ணி: எவ்வளவு நேரம்?

நாத்தனார்: அளவெடுக்குற அளவுக்கு.

அண்ணி: ஃபேன் சுவிட்ச நோண்டிட்டு ஒருத்தி நின்னாளே, கிளாஸு முடியுற வரைக்கும்... எலக்ட்ரீஷியன்னு நினைச்சேன்!

நாத்தனார்: புடவை கட்டின எலக்ட்ரீஷியனா? கதைய விட்டு வெளிய போகாதீங்க. சாட்சி எங்க?

அண்ணி: வரேன். ஞாயித்துக்கிழமை காலைல கடை திறந்த உடனே கூட்டம். வளையல் கடைக்காரர் மூச்சு வாங்க என் வாசல்ல வந்து நிக்கிறார். "அம்மா, ஏதாவது நாடகம் போடுறீங்களா? எல்லாரும் கண்ணாடியே கேக்குறாங்களே!"ன்னு. வாசல்லேருந்து மெயின் ரோடு வரைக்கும் க்யூ. டிராஃபிக் போலீஸ் வந்து...

நாத்தனார்: போலீஸ வேற சேத்தாச்சா? போன் பண்ணுங்க அந்த வளையல் கடைக்காரருக்கு.

அண்ணி: பண்றேன், ஸ்பீக்கர்ல போடறேன்... அடிக்குது... அடிக்குது... எடுக்க மாட்டேங்கிறாரே. சரக்கு எடுக்க வெளியூர் போயிருப்பார். கண்ணாடிதான் தீந்து போச்சே!

நாத்தனார்: சாட்சி ஒண்ணு போச்சு.

அண்ணி: தபால்காரர் வீட்டம்மா! கடையில கிடைக்காம அவ என்ன பண்ணினா தெரியுமா? புருஷன் ஸ்கூட்டர்ல சைடு கண்ணாடியக் கழட்டிட்டுப் போயிட்டா! அந்த மனுஷன் ஒத்தக் கண்ணாடியோட வண்டி ஓட்டி ஃபைன் கட்டினார்.

நாத்தனார்: கூப்பிடுங்க அவங்கள.

அண்ணி: அவங்க ரெண்டு பேரும் வெளியூர் கிளம்பிட்டாங்களே. இத்தனை வருஷம் கழிச்சு, ஜோடியா! ஒரு கண்ணாடி எத்தனை வேலை பாக்குது பாரு.

நாத்தனார்: ரெண்டாவதும் போச்சு. அண்ணி, அழகாத்தான் சொல்றீங்க. ஆனா ஒரு ஊர்ல கண்ணாடி எப்படித் தீரும்? நடக்குற காரியமா? வளையல் கடையில இல்லேன்னா மருந்துக்கடைக்குப் பக்கத்துல இருக்குற கடையில கூடவா...

அண்ணி: கூடவா?

நாத்தனார்: ...இருக்காதுன்னு கேட்டேன். பொதுவா.

அண்ணன்: பாப்பா, நீயா வந்திருக்க? குரல் கேக்குதே.

நாத்தனார்: ஆமாண்ணா.

அண்ணன்: நேத்து உன் வீட்ல என்ன அப்படிச் சிரிப்பு? எங்க தலைக்கு மேல கூரையே அதிர்ந்துச்சு. தனியா இருக்கிறவ இப்படிச் சிரிக்கிறாளேன்னு பயந்தே போயிட்டேன்.

நாத்தனார்: டிவிண்ணா. டிவில ஏதோ ஜோக்கு.

அண்ணி: உன் டிவி ரிப்பேருன்னு போன வாரம் சொன்னியே?

நாத்தனார்: சரியாயிடுச்சு.

அண்ணி: தானாவா?

நாத்தனார்: தட்டினேன்... சரியாயிடுச்சு.

அண்ணன்: கண்ணாடிக்கு என்ன பண்ணட்டும் நான்? நுரை காய்ஞ்சு மாவு மாதிரி உதிருது!

அண்ணி: சமையலறைல எவர்சில்வர் தட்டு இருக்கு பாருங்க, அதுல பாத்துப் பண்ணுங்க! ஏன்டி, உனக்கு எதுக்கு முகம் இப்படிச் சிவக்குது?

நாத்தனார்: வெயில். அண்ணி... ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது.

அண்ணி: கேளு.

நாத்தனார்: புருஷன் பிள்ளைன்னு இருக்கிறவங்களுக்கு நீங்க சொல்றது சரி. எனக்கு எதுக்கு இதெல்லாம்? எனக்குக் கல்யாணமா, காட்சியா? ஸ்கூல், நோட்டுத் திருத்தறது, அம்மாவப் பாத்துக்கிட்டது... அவ்வளவுதானே. யாருக்காகப் பாக்கணும்? எனக்குன்னு யாரு இருக்கா?

அண்ணி: நீ இருக்கியே.

நாத்தனார்: அறுபது தாண்டியாச்சு அண்ணி.

அண்ணி: உன் முட்டிக்குத்தான் அறுபது தாண்டிருக்கு. கீழ இருக்கிறதுக்கு என்ன காலண்டர் பாக்கத் தெரியுமா? நல்லா யோசிச்சுப் பாரு. உடம்புல ஒவ்வொண்ணுக்கும் எத்தனை வேலை! மூக்கு பாவம், மூச்சும் விடணும், உன் சோடாபுட்டியையும் தூக்கிச் சுமக்கணும். நாக்கு ருசியும் பாக்கணும், என்னைத் திட்டவும் திட்டணும். அந்தச் சின்ன மொட்டு ஒண்ணுதான்...

நாத்தனார்: ...வேற வேலையே இல்லாம சுகத்துக்குன்னே பொறந்தது.

அண்ணி: அட!

நாத்தனார்: வராந்தாவுல கேட்டுச்சு.

அண்ணி: மனப்பாடமா சொல்றியே டீச்சரம்மா!

நாத்தனார்: கணக்குல அந்த மாதிரி அழகா ஒண்ணு கூடக் கிடையாது அண்ணி. அதான் மனசுல நின்னுடுச்சு.

அண்ணன்: ஐயையோ!

அண்ணி: என்னங்க ஆச்சு?

அண்ணன்: தட்டுல முகம் கோணலாத் தெரிஞ்சுது. மீசைல ஒரு பக்கம் போயிடுச்சு!

நாத்தனார்: கடவுளே... என்னாலதான்...

அண்ணி: உன்னால என்ன? தட்டு சொன்னது நானு. ஏங்க, இன்னொரு பக்கத்தையும் எடுத்துடுங்க! வயசு குறைஞ்சு தெரியும்!

அண்ணன்: இந்த மீசையோடதான் உன்னையப் பொண்ணு பாக்க வந்தேன்!

அண்ணி: மீசைக்காகவா சம்மதிச்சேன்? எடுங்க எடுங்க... சரி டீச்சரம்மா. என் தோல்விய ஒத்துக்கிறேன். கடைக்காரர் போன எடுக்கல, ஸ்கூட்டர்காரி ஊர்ல இல்ல. இந்தா சாவி. மேஜை மேல வைக்கிறேன்.

நாத்தனார்: நிஜமாவே குடுக்குறீங்களா?

அண்ணி: பந்தயம் பந்தயந்தான். வாயும் திறக்க மாட்டேன். சாயங்காலம் போய் அந்த இன்ஜினியர் முன்னால வீரமா உக்காரு. ஆனா அந்தத் தையல்காரிகிட்ட மட்டும் நீயே சொல்லிடு. சனிக்கிழமைக்காக வாரம் பூரா காத்துக்கிட்டிருப்பா. எனக்குச் சொல்லத் தைரியம் இல்ல.

நாத்தனார்: கண்ணத் துடைங்க அண்ணி. உங்களுக்கு அழக்கூடத் தெரியுமா?

அண்ணி: வெயில். உனக்கு மட்டுந்தான் வெயிலா?... இரு, போயிடாத. பீரோல துணிக்கு அடியில ஒண்ணு ஒளிச்சு வெச்சிருக்கேன். இந்தா, பிரிச்சுப் பாரு.

நாத்தனார்: கைக்கண்ணாடி.

அண்ணி: ஊர்லயே கடைசி. கூட்டம் வர்றதுக்கு முன்னாடி, சனிக்கிழமை சாயங்காலமே போய் வாங்கி வெச்சேன். உனக்குன்னு. நீ வராந்தாவுல நின்னது அன்னிக்கே எனக்குத் தெரியும்டி. எலக்ட்ரீஷியன் யாரு முந்தானையால முகத்த மூடிக்கிட்டுச் சிரிப்பா? உள்ள வரமாட்டாளா, வரமாட்டாளான்னு பாத்துக்கிட்டே பேசினேன். மத்தவங்களுக்கு எடுத்தது கிளாஸு. உனக்காகத்தான் அவ்வளவு சத்தமாப் பேசினேன்.

நாத்தனார்: அண்ணி...

அண்ணி: எடுத்துக்கோ. நம்பலேன்னாலும் எடுத்துக்கோ.

நாத்தனார்: வேணாம் அண்ணி.

அண்ணி: ஏன்டி? இன்னுமா வெக்கம்?

நாத்தனார்: வெக்கம் இல்ல. இந்தப் புதுசை அண்ணன்கிட்ட குடுத்துடுங்க, பாவம், மிச்ச மீசையாவது தப்பிக்கட்டும். அப்படியே அந்தச் சாவியையும் எடுத்து இடுப்புல சொருகுங்க.

அண்ணி: பந்தயத்துல தோத்தது நானாச்சே! சாட்சியே இல்லையே!

நாத்தனார்: சாட்சி நாந்தான். நீங்க சொன்னது நடந்துச்சு அண்ணி. ஊர்ல ஒரு கண்ணாடி கிடையாது. நேத்து கொளுத்துற வெயில்ல குடையும் இல்லாம ஒரு கடை விடாம ஏறி இறங்கிட்டு, கடைசில உங்க பால்கனிக்குத்தான் வந்தேன்... அண்ணன் இனிமே அந்த ஆணியப் பாத்து ஏங்க வேணாம்னு சொல்லிடுங்க. ஒரு பக்கம் பெருசாக் காட்டுமே, அது இனிமே என்னுது.