பால் கட்டு

வீடு வீடாகப் போகிற வேலைக்கு நல்ல செருப்பு வேண்டும், இன்ஸ்பெக்டர் மேடம். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஐந்து கிராமங்களுக்கு நான்தான் சுகாதாரத் தன்னார்வலர். பிரஷர் பார்ப்பேன், சர்க்கரை பார்ப்பேன். பெண்களைத் தனியாக உட்காரவைத்து, மார்பைத் தடவிப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பேன். வலிக்கிற கட்டியைவிட வலிக்காத கட்டிக்குப் பயப்படுங்கள் என்பேன். நான் அனுப்பியவர்களில் மூன்று பேர் பிழைத்திருக்கிறார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காயத்ரி என் தங்கை. படூரில் குடியிருந்தாள். புருஷன் ஆனந்தன் கம்பெனி வேன் ஓட்டுகிறார். போன வருஷம் ஆடியில் எட்டு மாதக் குழந்தை சஹானாவோடு வந்தாள். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பில் வைத்தாள்.

“இன்னாக்கா இது, கல்லாட்டம் கீது?”

புளியங்கொட்டை அளவு. அழுத்தினாலும் நகரவில்லை.

“வலிக்குதாடி?”

“இல்லக்கா.”

சஹானா என் முந்தானையைப் பிடித்தபடி தூங்கிப்போயிருந்தாள். எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். என் மடியில் அதுவரை எந்தக் குழந்தையும் தூங்கியதில்லை.

“பால் கட்டிக்கினு கீதுடி. வெந்நீர் ஒத்தடம் குடு, கரைஞ்சிடும்,” என்றேன்.

தீபாவளிக்கு வந்தபோது காம்பு உள்ளே இழுத்திருந்தது. “எங்க அபார்ட்மென்ட்ல மார்பப் படம் புடிக்கிற மிஷின் வெச்சி கேம்ப் போட்டுக்கிறாங்க. காட்டட்டாக்கா?” என்று கேட்டாள்.

“பால் குடுக்கறவங்க அந்த மிஷின்ல நிக்கக் கூடாதுடி.”

அப்படி ஒரு விதி கிடையாது. நான் சொன்னதை அவள் யாரிடமும் சரிபார்த்ததில்லை.

மாசியில் முதுகுவலியில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. நானேதான் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனேன். எலும்பு வரை போய்விட்டது என்றார் டாக்டர். இத்தனை நாள் யாரிடமும் காட்டவில்லையா என்று கடிந்துகொண்டார்.

“எங்கக்கா பாத்துக்கினுதான் இருந்துச்சி சார். அது மேல ஒரு தப்பும் இல்ல,” என்றாள் காயத்ரி.

அன்று வராந்தாவில் நான் அழுதது நடிப்பில்லை. ஐந்து வயசிலிருந்து அவளுக்குத் தலை பின்னிவிட்டவள் நான். அந்த முடி கொத்துக்கொத்தாக என் கையோடு வந்தது. நாலு மாதம் அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்தேன். வேறு யாரையும் தொடவிட்டதில்லை. ஆனியில், சாவதற்கு முந்தின நாள் மத்தியானம், சஹானாவின் கையை எடுத்து என் கையில் வைத்தாள்.

“இனிமே நீதான்க்கா அவளுக்கு அம்மா.”

ஆனந்தனுக்கு ஷிஃப்ட் வேலை. அவரும் மறுக்கவில்லை.

அது பால் கட்டு இல்லையென்று முதல் நாளே என் விரலுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். ஆனால் குழந்தையை நான் பறிக்கவில்லை, மேடம். காயத்ரியேதான் கொடுத்தாள்.