எனக்கு வரைய வரும் முகம்

எனக்குக் காது வரைய வராது என்று ஆவூர்ப் பக்கம் ஒரு பேச்சு இருக்கிறது. அது சரியல்ல, ஐயா. காது இப்போது நன்றாகவே வருகிறது. வராதது மற்றவர்களின் முகம்தான்.

நான் ஓவியம் படித்தவன் அல்ல. அன்னவாசலில் கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்தேன். வேலையில்லாத ஒரு மதியம், எதிர்க்கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த செல்லமுத்துவை வரைந்தேன். அச்சாக வந்தது. மறுநாள் டீக்கடைக்காரரை வரைந்தேன். அதுவும் செல்லமுத்துவாக வந்தது. ஒரு முகமாவது வருகிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் பன்னிரண்டு சீடர்களை வரையச் சொன்னார்கள். பன்னிரண்டு பேரும் செல்லமுத்து. தாடியை மட்டும் மாற்றினேன். "ஒரே ஊர்க்காரங்க, சாடை இருக்கத்தானே செய்யும்" என்று அங்கிருந்த ஒருவர் சமாதானம் சொன்னார். அப்புறம் பள்ளிக்கூடச் சுவரில் தலைவர்கள், ஊர் எல்லையில் முனி.

செல்லமுத்து கோபித்துக்கொள்ளவில்லை. "முனிகிட்ட வேண்டிக்கிட்டேண்ணே. எம்மொகத்தை நானே கும்பிட்டுக்கிட்டு நிக்கிறேன். பலிக்குமா?" என்று சிரித்தான்.

பலித்தது. சிங்கப்பூரில் கட்டட வேலை கிடைத்தது. ஒரு மாதத்தில் பயணம் என்றான்.

என் நிலையை யோசித்துப் பாருங்கள். பார்க்காமல் வரைந்தால் மூக்கு வரைக்கும்தான் வரும். வாய்க்கு அவன் எதிரில் இருக்க வேண்டும். போகாதே என்று சொல்லிப் பார்த்தேன். "போட்டோ அனுப்புறேண்ணே, அதைப் பாத்து வரைங்க" என்றான். போட்டோவைப் பார்த்து வரைவது கலை ஆகாது.

அந்த வாரம்தான் கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்புச் சாலையில் அமராவதி டீச்சரின் சங்கிலியை ஒருவன் அறுத்துக்கொண்டு போனான். டீச்சர் அடையாளம் சொல்ல, நான் வரைய வேண்டும் என்று கூப்பிட்டீர்கள். உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பலகை எழுதிய பழக்கம்.

"ஹெல்மெட் போட்டிருந்தான். கண்ணு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு" என்றார் டீச்சர்.

நான் என் கடைக்குப் போய் உட்கார்ந்து முழு முகமும் வரைந்து கொண்டுவந்து கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்கயோ பாத்த மொகமாத்தாங்க இருக்கு" என்றார்.

பார்த்திருப்பார். அவர் வேலை செய்யும் பள்ளிச் சுவரிலேயே நான்கு இடத்தில் இருக்கிறது. அந்தப் படத்தை வைத்துச் செல்லமுத்துவைப் பிடித்தீர்கள். அடையாள அணிவகுப்பில் பத்துப் பேருக்கு நடுவில் நின்ற அவனை ஒரே பார்வையில் காட்டிவிட்டாராம்.

நேற்று உண்மையான திருடன் சங்கிலியோடு பிடிபட்டான். கை தவறி அந்த முகம் வந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்கிறீர்கள். உங்கள் நல்ல மனசு. ஆனால் செல்லமுத்துவுக்கு இடது புருவத்தின் மேல் ஒரு மச்சம் உண்டு. டீச்சர் மச்சம் எதுவும் சொல்லவில்லை. முனிக்குக்கூட நான் அதை வைத்ததில்லை. அன்று பென்சிலைச் சீவிக்கொண்டு, நிதானமாக வைத்தேன்.

அவனுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. வெயிலில் கட்டடம் ஏறுவதற்குப் பதில் சிறையில் நிழலில் இருந்தான். வாராவாரம் மனுப்போட்டு, நோட்டோடு போய்ப் பார்த்தேன். முதல் வாரம் என்னை உற்றுப் பார்த்தான். அதற்குப் பிறகு எப்போது போனாலும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். காது மட்டும்தான் தெரியும். எட்டு வாரம் காதுதான் வரைந்தேன்.

இனி அவன் வெளியே வந்து சிங்கப்பூர் போய்விடுவான். ஒரே முகத்தை நம்பி இருந்தது என் தப்பு.

இவ்வளவு நேரம் அசையாமல் கேட்டீர்கள், ஐயா. வாக்குமூலம் எழுதத் தந்த தாளின் பின்பக்கம் பாருங்கள், வாய் வரைக்கும் வந்துவிட்டது. உங்கள் தாடையில் இருக்கும் அந்தத் தழும்பு மட்டும்தான் பாக்கி.