கண்ணாடியில் தெரிந்த தேசிக்காய்

கிட்ட வந்து இரு, பிரசாந்திப் பிள்ளை. அந்தப் பக்கம் கால் குளிரும், ஹீட்டர் இங்கேதான் இருக்கிறது. உனக்கொரு கதை சொல்லப்போகிறேன். அதை நீ இந்தப் பொலிஸ் தம்பிக்கு இங்கிலிஷில் சொல்ல வேண்டும். அதற்குத்தானே உன்னை இந்த நேரத்தில் மனுகா பொலிஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்மேல் இரக்கப்பட்டு ஒரு சொல்லையும் மெதுவாக்கிவிடாதே.

என் பெயர் அன்னபாக்கியம். என் மனுசன் செத்துப்போனபிறகு, பென்சனை எடுத்துக்கொண்டு பேசாமல் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அவருடைய யூட்டையும் விற்கச் சொன்னார்கள். யூட் என்றால் பின்பக்கம் திறந்த பிக்கப். நான் விற்கவில்லை. இந்த ஊரில் சனங்கள் ஆசைப்பட்டுக் கரவன் வாங்குவார்கள், காரின் பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீடு. வாங்கின பிறகுதான் அதை இழுக்கத் தங்கள் காருக்குப் பலமில்லை என்பது தெரியவரும். அப்போது எனக்குப் போன் வரும். யூட்டின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டில் கரவனின் மூக்கைக் கொழுவி, சங்கிலியைப் பூட்டி, சொன்ன இடத்தில் கொண்டுபோய் விடுவேன்.

முன்னுக்கு இழுப்பது யாருக்கும் வரும். பின்னுக்கு எடுப்பதுதான் வித்தை. கரவன் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். பாதி ஆம்பிளைகளுக்கு இது விளங்குவதே இல்லை. புக்கெகோஹியில் ஒருமுறை, இரண்டு முட்டைக்கோவா லொறிகளுக்கு நடுவே பெரிய கரவன் ஒன்றைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தினேன். பொதி கட்டிக்கொண்டிருந்தவர்கள் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள். சேலை உடுத்திக்கொண்டு அப்படி இறங்கின ஒருத்தியை அவர்கள் அதற்கு முன் கண்டிருக்க மாட்டார்கள்.

இரத்தினசிங்கம் என் மனுசனின் தம்பி. நல்ல மனிதர், அதையும் எழுதச் சொல். என் பயணங்களுக்குத் துணையாக வருவார். எங்கள் சனம் புது வாகனத்துக்கு ஒருமுறை, கண்ணூறு கழிய, சக்கரத்தின் கீழ் தேசிக்காய் வைத்து நசுக்கும். அவர் ஒவ்வொரு பயணத்துக்கும் வைப்பார், யூட்டுக்கும் கரவனுக்கும் சேர்த்து. வெள்ளைக்காரர் கேட்டால் "டயர் செக்" என்று சொல்லிவிடுவார். எல்லாவற்றையும் வைத்துவிட்டு, தள்ளிப் போய் நின்று, "எடுங்கோ மச்சாள்" என்பார். அந்தச் சொல் காதில் விழாமல் நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததே இல்லை. அது எங்களுக்குள் இருந்த ஒழுங்கு.

பக்குரங்காவில் ஒரு வளைவில் யாருடையதோ தபால்பெட்டி கரவனில் பட்டு விழுந்தது. பெட்டிதான், பிள்ளை. ஆளில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில், எல்லோரும் சாப்பிட இருந்த நேரத்தில், இரத்தினசிங்கம் பருப்புக் கரண்டியைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மச்சாளின்ர கரவன் வருதாம். தபால்பெட்டியளை எல்லாரும் வீட்டுக்குள்ள எடுத்து வையுங்கோ."

பந்தி முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கோபம் என்பார்கள்.

அதற்குப் பிறகு போன் வருவது குறைந்தது. வழக்கமாகக் கூப்பிடுகிறவர்கள்கூட, "அக்கா, இப்ப கண் எப்பிடி?" என்று சுகம் விசாரிக்கத் தொடங்கினார்கள். என் மகள் நிசாந்தினி, என் முகத்தைப் பாராமல், யூட்டின் திறப்பைத் தன்னிடம் தரச் சொன்னாள். அந்தத் திறப்புப் போனால் எனக்கு என்ன மிச்சம் என்று அவள் யோசிக்கவில்லை. யாராவது ஏற்றிப்போனால் கோயில், ஏற்றிப்போகாவிட்டால் ஜன்னல்.

அன்று காலை கரவன் என் வீட்டு வாசலில் யூட்டில் கொழுவி நின்றது. முழுப் பாரம் ஏற்றியிருந்தது. இரத்தினசிங்கம் பின்வளவு மரத்தில் தேசிக்காய் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

"மச்சாள், இதோட காணும். நிசாந்தினியோட கதைச்சிட்டன். திரும்பி வந்த உடன திறப்பைப் பிள்ளையிட்டக் குடுத்திடுங்கோ."

"எனக்குக் கண் தெரியேல்லை எண்டு ஆர் சொன்னது?"

"எல்லாருந்தானே கதைக்கினம்."

"நீர் சொன்னபடியாத்தானே கதைக்கினம்."

"கோவிக்காதையுங்கோ. உங்கட நன்மைக்குத்தான்."

நான் ஏறி இருந்து எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். அவர் யூட்டின் சக்கரங்களுக்கு வைத்து முடித்துவிட்டு, கரவனின் சக்கரத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். கரவன் இழுக்கிறவர்கள் மாட்டும் நீளக் கண்ணாடியில் ஆள் முழுவதாகத் தெரிந்தார். அங்கிருந்தபடியே கையை உயர்த்தி, சிரித்துக்கொண்டு கேட்டார்:

"மச்சாள், கண்ணாடியில பாத்துச் சொல்லுங்கோ. இது எத்தினை விரல்?"

மூன்று. மோதிர விரலில் பவளம். நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்து ஒரு புருவத்தில் இறங்கியிருந்தது. மற்றக் கையில் இருந்த தேசிக்காயில் காம்போடு ஒரு இலை. இவ்வளவையும் பார்த்துவிட்டுத்தான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். "எடுங்கோ" என்று அவர் சொல்லவில்லை. நான் எடுத்தேன். கரவன் ஒருமுறை ஏறி இறங்கியது. கொஞ்சத் தூரம் போய், நேராக, ஒழுங்காக நிறுத்தினேன். அம்புலன்ஸ் வரும்போது அவர் உயிரோடு இல்லை.

அதன்பிறகு எல்லோரும் என்னிடம் நல்லபடியாக நடந்துகொண்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. லோயர் வந்து, வயதுபோன கண், விபத்து, பெரிதாக ஒன்றும் வராது என்றார். நிசாந்தினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, கண் தெரியேல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ, வீட்டை போகலாம்" என்றாள். இரத்தினசிங்கத்தின் மனுசி பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்து, அழுதழுது எனக்கு ஊற்றித் தந்தாள். "அக்கா, நீங்கள் என்ன செய்வியள், உங்களுக்குத்தான் கண் தெரியாதே" என்றாள்.

யோசித்துப் பார், பிள்ளை. நான் தலையாட்டியிருந்தால் செத்தும் அவர் சொன்னதுதான் சரியென்று ஆகியிருக்கும். ஊர் முழுவதும், கோயில் முழுவதும், பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும், அன்னபாக்கியம் கண் தெரியாமல் ஆள்மேல் கரவனை ஏற்றினவள். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆகையால் இதை அப்படியே சொல். அந்தத் தபால்பெட்டியை நான் காணவில்லை, அது உண்மை. இரத்தினசிங்கத்தை வடிவாகக் கண்டேன்.

யூட்டை விற்க வேண்டாம் என்று நிசாந்தினியிடமும் சொல்லிவிடு. வெயில் காலம் வந்தால் சனங்கள் கரவனோடு கடற்கரைக்கு வெளிக்கிடும். இனிமேல் என் கண்ணைப் பற்றி ஒருவருக்கும் சந்தேகம் இராது, கட்டாயம் கூப்பிடுவார்கள்.

தேத்தண்ணி ஆறுகிறது, குடி. இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டாய், நீ நல்லாயிருக்க வேண்டும். உன் வீட்டு வாசலில் எந்நாளும் ஒரு வாகனம் நிற்கட்டும். அதன் திறப்பு உன் கையிலேயே இருக்கட்டும். உன்னைக் குருடி என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் போகட்டும்.