விடுதிப் பெட்டியின் தமிழ்ச் சீட்டுகள்

உங்கள் நிலையத்துத் தேநீர் நன்றாகவே இருக்கிறது, இன்ஸ்பெக்டர். சீனியைக் கொஞ்சம் குறைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கருத்து, அவ்வளவுதான். பதினோரு வருடமாக மற்றவர்களின் கருத்துகளைத் திரட்டிப் பழகிவிட்டேன். வாய் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

தமிழிலேயே எழுதலாம் என்று சொன்னீர்களே, அதற்கு நன்றி. என் பெயர் தம்பிராஜா. வயது ஐம்பத்தாறு. கோலசிலாங்கூரில் அந்தத் தனியார் கல்லூரியின் தரப் பிரிவில் அதிகாரி. நீங்கள் கேட்பது தனேஸ்வரியைப் பற்றி. அந்த வாஷிங் மெஷின் புகார் யாரிடம் வந்தது, யாரிடம் நின்றுபோனது என்பதைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன். முறையாக வந்தால்தான் உங்களுக்கும் விளங்கும்.

ஒவ்வொரு பருவத்திலும் ஒரு வாரம் மாணவர்களிடமும் ஊழியர்களிடமும் கருத்துக் கேட்போம். கைப்பேசியில் நிரப்பும் படிவம் உண்டு. அதில் மாணவர் எண் போட வேண்டும். எண்ணைப் போட்டுவிட்டு எவன் மனசில் உள்ளதை எழுதுவான்? ஐந்துக்கு ஐந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். உண்மை வந்து விழுவது பெட்டிகளில்தான். உணவகத்தில் ஒன்று, ஊழியர் அறையில் ஒன்று, பெண்கள் விடுதிப் படிக்கட்டின் கீழ் ஒன்று. சீட்டில் பெயர் வேண்டாம். எந்த மொழியிலும் எழுதலாம். மூன்றுக்கும் சாவி என்னிடம் இருந்தது.

நிர்வாகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ஈஜோக்கிலிருந்தும் புக்கிட் ரோத்தானிலிருந்தும் வந்த தோட்டத்துப் பிள்ளைகள், வேறு யார் கண்ணிலும் படக்கூடாததைத் தமிழில் எழுதிப் போடுவார்கள். விடுதி வார்டன் குமுதாவும் அப்படித்தான். "சார், இத நீங்க மட்டும்தான் படிப்பீங்கன்னு தெரியும்" என்று தொடங்கும் சீட்டுகள் எத்தனையோ வந்திருக்கின்றன. அதில் எனக்குப் பெருமை இருந்தது, மறைக்கவில்லை. அவற்றை மலாயில் பெயர்த்து அறிக்கையில் சேர்ப்பது என் வேலை.

எங்கள் குடும்பத்துக்கு இது புதிதில்லை. என் தாத்தா தோட்டத்தில் கிராணி, கணக்கு எழுதுகிறவர். லயத்து வேலையாட்கள் சொல்வதைத் துரைக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னவர். அவர்கள் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் பாதிப் பேரைத் துரை அன்றைக்கே விரட்டியிருப்பார். ஆற்றித்தான் கொடுக்க வேண்டும். நானும் ஆற்றிக் கொடுத்தேன். "இந்தச் சோத்த நாய்கூட திங்காது" என்று வந்தால், 'உணவு வகைகளைக் கூட்டலாம்' என்று எழுதுவேன். "கணக்கு லெக்சரர் வகுப்புக்கே வர்றதில்ல" என்பது, 'கணிதத்துக்குக் கூடுதல் வழிகாட்டல் விரும்பப்படுகிறது' என்று ஆகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள். மறைக்கவில்லை. சிறிதாக நறுக்கினேன்.

அதற்குக் காரணம் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று கல்லூரி வருடத்துக்கு நாற்பது இலவச இடம் கொடுக்கிறது. போன வருடக் கூட்டத்தில் தலைவர் என் பக்கம் திரும்பி, சும்மா படிக்கிறவர்களிடமிருந்துதான் நிறையப் புகார் வருகிறதோ என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வெறும் சிரிப்புதான். ஆனால் நாற்பது இடமும் அந்தச் சிரிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அந்த அறிக்கையில் திருப்தி தொண்ணூற்றாறு விழுக்காடு. எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அது வேறு விஷயம்.

இந்த வருடம் மார்ச்சில் விடுதிப் பெட்டியில் ஒரு சீட்டு கிடந்தது. "பின்கட்டு வாஷிங் மெஷின்ல கை வெச்சா கரண்டு அடிக்குது சார். தரையும் ஈரம். யாருக்காச்சும் ஏதாச்சும் ஆவுறதுக்குள்ள பாருங்க." அதே வாரம் அதே செய்தியோடு இன்னும் ஐந்து. ஊழியர் பெட்டியில் குமுதாவினுடையது ஒன்று. பிள்ளைகள் கையால் தொடக்கூடாது என்று மெஷின் பக்கத்தில் துணி மாட்டும் பிளாஸ்டிக் ஹங்கர் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாளாம். அதன் முனையால்தான் பொத்தானை அமுக்குகிறார்களாம். பராமரிப்பு ஆளிடம் வாயால் சொல்லிப் பார்த்தாளாம். தரப் பிரிவிலிருந்து தாள் வராமல் கை வைக்கமாட்டேன் என்றானாம்.

ஆக ஏழு சீட்டுகள். பாதுகாப்புப் புகார் என்று எழுதினால் அது தனிப் படிவம். மே மாதம் வரவிருந்த தணிக்கைக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். விடுதியை மூடச் சொன்னால் முதலில் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போவது யார்? இலவசப் பிள்ளைகள்தான். எல்லாவற்றையும் யோசித்து, ஏழு சீட்டையும் சேர்த்து ஒரு வரி எழுதினேன்: 'சலவை வசதிகளை மேம்படுத்தலாம்.' அதை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தார்கள். அந்த வரியைப் படித்தால் யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

முதல் சீட்டு யாருடையது என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. இலவச இடத்துக்கு விண்ணப்பக் கடிதத்தைத் தமிழில் எழுதியவள் அவள் ஒருத்திதான். சாய்ந்த, நெருக்கமான கையெழுத்து. தனேஸ்வரி, பத்தொன்பது வயது, ஈஜோக் பக்கம். அப்பா செல்லன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"பயப்படாத பிள்ளை. நீ எழுதினதுன்னு எனக்குத் தெரியும்," என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "பேரு போடலியே சார்."

"இப்படியெல்லாம் எழுதினா மேல இருக்கிறவங்க வேற மாதிரி எடுத்துக்குவாங்க."

"எடம் போயிருமா சார்?"

"நான் அப்படிச் சொல்லல."

"அப்ப மெஷினு?"

"அத நான் பாத்துக்கறேன்."

புதுச் சீட்டு ஒன்று கொடுத்தேன். 'விடுதி வசதிகள் நன்று' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அது கோப்பில் இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. அவள் விடவில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அலுவலக முகப்புக்கு வந்து, "சார், அனுப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். மரியாதையாகத்தான் கேட்பாள். போகட்டும் என்று மூன்று முறை தலையாட்டினேன். மே மாதம் நான்காவது முறை வந்தபோது தணிக்கை அதிகாரிகள் உள்ளறையில் இருந்தார்கள். கதவு திறந்திருந்தது. கூட இரண்டு தோழிகள் வேறு. "சார், அந்தக் கரண்டு அடிக்கிற மெஷினு..." என்று ஆரம்பித்தாள். அதிகாரிகளில் ஒருவர் தமிழர், சுப்பிரமணியம் என்று பெயர். அவர் நிமிர்ந்து பார்த்தார். பயந்துவிட்டேன் என்பதுதான் உண்மை.

"சரி பண்ணியாச்சு பிள்ளை," என்றேன். "காலையிலேயே ஆள் வந்து பாத்துட்டுப் போயிட்டான். தாராளமா போடுங்க."

அவள் முகத்தில் வந்த நிம்மதியை இப்போதும் சொல்ல முடியும். "தேங்க்ஸ் சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் லா," என்றாள்.

அது மூன்று மணிக்கு. நேரே விடுதிக்குப் போய் ஹங்கரை அவிழ்த்துக் குமுதாவிடம் கொடுத்திருக்கிறாள். "சார் சொல்லிட்டாரு அக்கா, இனிமே இது வேணாம்." குமுதா உங்களிடம் சொன்னது சரிதான், அவள் பொய் சொல்கிறவள் இல்லை. பிளக்கையாவது பிடுங்கியிருக்கலாமே என்றீர்கள். பிடுங்கினால் ஏன் என்று கேட்பார்களே. நாலரை மணிக்கு விடுதிப் பக்கம் சத்தம் கேட்டபோது, திருப்தி விழுக்காட்டை எப்படிக் கணக்கிடுகிறோம் என்று அதிகாரிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். இந்த முறை தொண்ணூற்றேழு.

சாவு வீட்டுக்குப் போனேன். செல்லன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மவ ஒங்களப் பத்தித்தான் சார் பேசிக்கிட்டே இருக்கும்," என்றார். அழுதேன். நடிப்பில்லை. கல்லூரி கொடுத்தனுப்பிய மலாய்க் கடிதத்தை நீட்டினேன். அழுதழுது அவருக்குக் கண் தெரியவில்லை. "நீங்களே படிச்சுச் சொல்லுங்க சார்," என்றார். மாணவியின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று அதில் இருந்தது. பெற்ற மனம் என்ன பாடுபடும்? எதிர்பாராமல் நேர்ந்த விபத்து என்று தமிழில் சொன்னேன். நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஏழு சீட்டுகளும் என் மேசையின் அடி இழுப்பறையில் இருக்கின்றன. எரிக்கவில்லை. பிள்ளைகள் நம்பிப் போட்டதை எரிப்பது முறையில்லை.

நேற்று நீங்கள் நேராகவே கேட்டீர்கள். நேராகவே எழுதுகிறேன். மெஷின் சரியாகவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சரியாகிவிட்டது என்று சொன்னேன். அவள் உயிரைக் காத்துக்கொண்டிருந்த ஹங்கரை அவிழ்க்க வைத்தது என் வார்த்தை. தனேஸ்வரி என்னால்தான் செத்தாள்.

இதை வழக்குக்காக மலாயில் பெயர்க்க ஆள் தேடுவதாகச் சொன்னீர்கள். வெளியாள் யாராவது சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்தால், படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றித் தப்பான எண்ணம் வந்துவிடும். தாளை என்னிடமே கொடுங்கள், இன்ஸ்பெக்டர். யார் மனமும் நோகாமல் நானே பெயர்த்துத் தருகிறேன்.