மன்றத்துக்கு உகரம்

நீதி என்பது வானத்திலிருந்து இறங்கிய தராசு. அதைப் பிடிக்கும் கை நடுங்கக் கூடாது. நீதி அமைச்சராகப் பதவியேற்ற அன்று நான் இப்படித்தான் பேசினேன், கைதட்டினார்கள். போர்க்காலத்தில் கஃப்ர் ஸம்மான் என்ற ஊருக்கு அந்தத் தராசு இறங்கியபோது மன்றத்தில் ஒரு நாற்காலிகூடக் கிடையாது. ஓடிப்போன பல் டாக்டர் விட்டுச்சென்ற சாய்வு நாற்காலியில்தான் மார்க்க நீதிபதியாக உட்கார்ந்தேன். கொஞ்சம் அசைந்தால் தானாகப் பின்னால் சாய்ந்துவிடும். கூரையைப் பார்த்தபடியே விவாகரத்து கொடுத்திருக்கிறேன்.

உஸ்தாத் நவ்வார், டீ ஆறுகிறது, குடியுங்கள். விசாரணைக் குழு உங்களை எதற்கு அனுப்பியிருக்கிறது என்று தெரியும். டமாஸ்கஸ் முழுக்க அந்த வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதில் நிற்பது நான்தான். தாடி அப்போது கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். அது போலி என்று அலுவலகத்தில் ஓர் அறிக்கை தயாராக வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், கேட்டால் நீங்களே நியாயம் என்பீர்கள்.

மண்டியிட்டிருக்கும் பெண்ணின் பெயர் விஸால். பள்ளிக்கூடத்தில் அரபு இலக்கணம் நடத்தியவள். கணவன் குண்டுவீச்சில் போய்விட்டான். அவள் வீட்டுக்கு ஓர் ஆண் வந்துபோகிறான் என்று பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். இந்தக் குற்றத்துக்கு மார்க்கச் சட்டப்படி நான்கு சாட்சி வேண்டும். அவர் ஒருவர்தான் இருந்தார். அவருக்கும் அவள் முற்றத்து மாதுளை மரத்தின் மேல் ஒரு கண். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை.

அதனால்தான் தீர்ப்பை இரண்டு வாக்கியமாக அமைத்தேன். முதல் வாக்கியத்தில் மன்றம் அவளுக்கு மரணம் விதிக்கும். இரண்டாவதில் கருணையோடு மன்னித்து ஊரைவிட்டு அனுப்பும். ஊர் முதலில் நடுங்க வேண்டும், பிறகு என்னைப் பார்த்துக் கண்கலங்க வேண்டும். இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டேன். இரண்டாவது வாக்கியத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. கருணை எதிர்பாராமல் வந்தால்தான் எடுபடும்.

சதுக்கத்தில் நல்ல கூட்டம். கமாண்டர் அபு ஸுஹைப் துப்பாக்கியோடு என் பக்கத்தில் நின்றார். அவருடைய ஆள் முர்ஹஃப் போனைத் தூக்கிப் பிடித்தான்.

"ஷேக், கொஞ்சம் இப்படித் தள்ளி நில்லுங்க. குப்பைத்தொட்டி தெரியுது."

தள்ளி நின்றேன். முதல் வாக்கியத்தைச் செந்நடை அரபியில், ஒவ்வொரு சொல்லின் ஈற்றையும் ஒலித்துச் சொன்னேன். வீட்டுப் பேச்சில் ஈற்றை விழுங்கிவிடுகிறோம். தீர்ப்பில் விழுங்கினால் மதிப்பிருக்காது. செய்தவரைக் குறிக்கும் சொல் உகரத்தில் முடிய வேண்டும், செயலுக்கு ஆளானவரைக் குறிப்பது அகரத்தில். நான் மன்றத்துக்கு அகரமும் அந்தப் பெண்ணுக்கு உகரமும் கொடுத்துவிட்டேன்.

அவள் தலையை நிமிர்த்தினாள். கெஞ்சவில்லை. பழக்கதோஷம் என்றுதான் நினைக்கிறேன்.

"உகரம், ஷேக். மன்றத்துக்கு உகரம் வரணும். இப்ப நீங்க சொன்னதைப் பாத்தா, நான்தான் மன்றத்துக்கு மரண தண்டனை குடுத்திருக்கேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். வீடியோவில் ஓரிடத்தில் படம் ஆடுகிறதே, அச்சத்தில் கை நடுங்கியது என்று எழுதுகிறார்கள். முர்ஹஃப் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஷேக், டீச்சரம்மா உங்களையே உள்ள போட்டுட்டாங்க," என்றார் அபு ஸுஹைப். "இன்னொரு தரம் சரியாச் சொல்லுங்க, பாஸ் மார்க் போடுவாங்க."

சிரிப்பு அடங்கக் காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள், மாணவன் திருத்திச் சொல்லட்டும் என்று காத்திருக்கிற முகத்தோடு. இரண்டாவது வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது. அதில் பிழை கிடையாது. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொன்னால் ஊர் என்ன பேசும்? டீச்சர் ஓர் அதட்டல் போட்டதும் ஷேக் பயந்து மன்னித்துவிட்டார் என்று பேசும். மன்றத்துக்கு ஒரு மானம் வேண்டாமா, உஸ்தாத்? என் மானத்தைச் சொல்லவில்லை.

"அவ்வளவுதானா ஷேக்?" என்று கேட்டார் அபு ஸுஹைப்.

"அவ்வளவுதான்," என்றேன்.

மீதியை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த வீடு பக்கத்து வீட்டுக்காரருக்குப் போனது. மாதுளையை அடுத்த குளிர்காலத்தில் விறகுக்கு வெட்டிவிட்டார்.

வீடியோவில் சத்தம் இல்லாததைப் பற்றியும் கேட்பீர்கள். நீக்கச் சொன்னது நான்தான். துப்பாக்கிச் சத்தத்தை மறைத்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அதை நான் ஏன் மறைக்க வேண்டும்? ஊரே நின்று கேட்டதுதானே.

என் பேச்சுகளை எளிய நடை என்று பாராட்டுகிறார்கள். அமைச்சரான பிறகு எந்த மேடையிலும் நான் ஈற்றை ஒலிப்பதில்லை. பதவிப் பிரமாணத்தில்கூட விழுங்கித்தான் படித்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் மகளின் ஆறாம் வகுப்பு இலக்கணப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். உகரம்தான்.