மூன்றுக்கு ஒன்று சமநிலை

— மூண்டுக்கு ஒண்டு எண்டா அது எப்பிடிச் சமநிலை, மார்க்கஸ் அண்ணை? எனக்கு அதை மட்டும் சொல்லுங்கோ.

— முதல்லை சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வா, சச்சி. கதவடியிலை நிண்டு ஏன் கத்துறாய்?

— கத்துவன். இந்த அம்மருட் ஊர் முழுக்கக் கேக்கட்டும். ரெயினுக்கு நிக்கப் பொறுக்கேலாமல் குரோருட் ஸ்ரேசனிலை இருந்து நடந்து வந்தனான். ஆயிரத்துத் தொளாயிரத்து எட்டாம் ஆண்டு இங்கிலாந்து ரீம் ஹெதர்பி ரோவர்ஸ் கப்பிலை மூண்டு மற்ச் வெண்டவங்கள். நீங்கள் நோர்வேஜியனிலை மொழிபெயர்த்ததிலை அந்த மூண்டும் சமநிலை. நாலாவதிலை ஐஞ்சு கோல் வாங்கித் தோத்தவங்கள். அதுவும் சமநிலை!

— நீதானே தமிழுக்குள்ளை 'கப் ரை' எண்டு இங்கிலீசுச் சொல்லை அப்பிடியே எழுதித் தந்தனீ? ரை எண்டாச் சமன்தானே.

— எதிலை?

— கிரிக்கெற்றிலை.

— கிரிக்கெற்! இது புட்போல், அண்ணை! கப்புக்கு விளையாடுற ஒவ்வொரு மற்சையும் இங்கிலீசுக்காரன் 'ரை' எண்டுதான் சொல்லுவான். வெண்டாலும் ரை, தோத்தாலும் ரை.

— யேசுவே. எனக்கு எப்பிடித் தெரியும்? நான் பந்தையே தொடாதவன்.

— பக்கத்திலை கோல் கணக்கும் எழுதித்தானே தந்தனான்? மூண்டுக்கு ஒண்டு சமநிலை எண்டு எழுதேக்கை கை கூசேல்லையோ?

— அது வேறை ஏதோ கணக்காக்கும் எண்டு நினைச்சன்.

— ஏதோ கணக்கு! இருவது வருசமா ஹெதர்பிக்கு இஞ்சை நோர்வேயிலை இருக்கிற ரசிகர் சங்கத்திலை நான் ஒருத்தன்தான் தமிழன். இந்த முறைதான், நாப்பதாம் ஆண்டு மலருக்கு அந்த ஒரு சீசனை நீ எழுது எண்டு என்னட்டைத் தந்தவங்கள். மூண்டு வருசம், அண்ணை. பஸ் ஓட்டிப்போட்டு வந்து, பழைய பேப்பர் ஒண்டொண்டா வாசிச்சனான். விரல் முறிஞ்ச கையோடை நிண்ட கோல்கீப்பர், காலமை நிலக்கரி வெட்டிப்போட்டுப் பின்னேரம் கோல் அடிச்ச மனிசன், லீக்கிலை ஒரே ஒரு புள்ளியாலை முதலாம் பிரிவுக்குப் போகாமல் விட்டது, எல்லாம் எழுதினன். எனக்கு நோர்வேஜியன் கதைக்க வரும், எழுத வராது. அதாலைதான் உங்களை நம்பினன்.

— அவையள் என்ன சொல்லீனம்?

— நேற்றுச் சங்கக் கூட்டத்திலை தலைவர் எழும்பி அதைச் சத்தமா வாசிச்சார். சிரிச்ச சிரிப்பு இருக்கே! நானும் பகிடி எண்டு நினைச்சுச் சேர்ந்து சிரிச்சன், விசரன் மாதிரி. பிறகுதான் விளங்கினது. என்ரை பக்கங்களை வெட்டி எடுத்துப்போட்டுத்தான் நாளைக்கு மலரைக் குடுக்கப் போகினமாம். என்ரை பேரும் போச்சு.

— நான் வந்து சொல்லுறன், பிழை என்ரை எண்டு.

— வேண்டாம்! தெரியாட்டி ஒரு போன் எடுத்து, 'சச்சி, இது என்ன சொல்லு?' எண்டு கேக்கிறதுக்கு என்ன?

— கேக்கிற பழக்கம் இல்லை.

— என்ன?

— முப்பது வருசமா மொழிபெயர்ப்புக்குப் போறன். இடையிலை நிப்பாட்டி விளக்கம் கேட்டா, இவருக்குப் பாசை காணாது எண்டு அடுத்த முறை கூப்பிடமாட்டினம். சரியெண்டு படுறதைச் சொல்லிப்போட்டு அடுத்த வசனத்துக்குப் போறதுதான்.

— ஆஸ்பத்திரியிலையும் அப்பிடியோ? அகதி விசாரணையிலையும் அப்பிடியோ?

— தேத்தண்ணி போடட்டோ?

— போட்டீங்கள் எண்டால் தூக்கி எறிவன்! இது விளையாட்டே, அண்ணை? இஞ்சை அகதியா வந்த என்ரை தம்பியையும் போனிலை ஒராள் மொழிபெயர்க்கத்தான் விசாரிச்சவங்கள்.

— தெரியும். சொன்னனீ.

— அதிலை மொழிபெயர்த்த மனிசனிலை பிழை இல்லை. நான் ஞாயமாக் கதைப்பன். பிழை முழுக்க அவனிலை. 'எனக்கு ஒரே ஒரு அண்ணன், அவன் ஒஸ்லோவிலை' எண்டு முதல் சொன்னவன். அரை மணித்தியாலத்தாலை, 'வவுனியாவிலை இருந்து என்னை வான் வண்டியிலை ஏத்திக்கொண்டு வந்தது அண்ணன்' எண்டும் சொன்னவன். நான் இஞ்சை பஸ் ஓட்ட, அங்கை ஆர் வான் ஓட்டினது? பொய்க்காரன் எண்டு எழுதித் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள்.

— அவன் என்ன சொன்னவன்?

— 'நான் அப்பிடிச் சொல்லேல்லை அண்ணா' எண்டு அழுதவன். அவங்கள் அனுப்பின கடிதத்திலை கிடக்குதே! வாய் கூசாமல் என்னட்டையும் பொய். பதினாலு வருசம், அவனோடை ஒரு சொல்லுக் கதைக்கேல்லை நான். அம்மாவின்ரை செத்தவீட்டிலையும் கதைக்கேல்லை.

— நீ அவனோடை கதை, சச்சி.

— கதையை மாத்தாதேங்கோ! தம்பியின்ரை விசயம் உங்களுக்குச் சொல்லி ஒரு கிழமை ஆகேல்லை, நீங்களா வந்து, 'உன்ரை புட்போல் எழுத்தை நான் சும்மா மொழிபெயர்த்துத் தாறன்' எண்டனீங்கள். நான் கேட்டனானோ?

— இல்லை.

— பிறகு ஏன் வந்தனீங்கள், அண்ணை?

— இப்ப என்னை 'அண்ணை' எண்டனியெல்லே, உன்ரை தம்பியும் அந்த வான்காரரை அப்பிடித்தான் சொன்னவன். அண்டைக்குப் போனிலை அதைக் 'கூடப்பிறந்த அண்ணன்' எண்டு மாத்தினது நான்தான், சச்சி.