இரண்டு பெயரில் பதிவான படகு

பெயர்: மாரிட் ஹாக்டால். வயது: 46. கணவர் பெயர்: வெர்லின் ஹாக்டால். தொழில்: உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. முகவரி: 418, கால்வாய்ச் சாலை, ஸ்டோர்விக், டார்ன்விக் மாவட்டம், மினசோட்டா.

என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாகவே வந்தேன். வழக்கறிஞரை வைத்துக்கொண்டு பேசலாம் என்று துணை ஷெரிஃப் கர்ட் ஓல்ஹாஃப் சொன்னார். இப்போது வேண்டாம் என்றேன். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். எழுதியதை வாங்கிப் படித்து, சில இடங்களில் என் கையால் திருத்தியிருக்கிறேன்.

ஸ்பூன்பில் ஏரியில் புதன்கிழமை மாலைதோறும் நடக்கும் மீன்பிடிப் போட்டியில் நானும் என் கணவரும் பதினான்கு வருடங்களாக ஒரே படகில் கலந்துகொண்டோம். ஒரு படகுக்கு இருவர் என்பது அங்கே விதி. போன வருடம் ஜூனில் எனக்கு வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு, மூன்று வாரத்துக்கு மட்டும் என்று சொல்லி, என் இடத்தில் ட்ரூடி வாங்ஸ்னெஸ் ஏறினார். ட்ரூடிக்கு வயது 44. தூண்டில் புழுவும் சிறுமீனும் விற்கும் கடை வைத்திருக்கிறார், தனியாக வாழ்கிறார். அந்தக் கோடை முழுவதும் அவரே போனார். செப்டம்பரில் அவர்கள் இருவரும் கோப்பை வென்றார்கள். கோப்பை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் இருக்கிறது. அதைத் தூசு துடைத்து வைப்பது நான்.

அதன் பிறகு, இந்த வருடம் மார்ச் மாதத்தில், பெரிய படகு வேண்டும் என்று வெர்லின் சொன்னார். விஸ்கான்சினில் ஒருவர் தன் பழைய படகை ட்ரெய்லரோடு விற்பதாகவும், அதைப் பார்க்கப் போவதாகவும் சொன்னார். எனக்கு அன்று விடுமுறை என்று சொன்னேன். "ட்ரூடி வரா. மோட்டார் சத்தத்தக் கேட்டே என்ன கோளாறுன்னு சொல்லிடுவா. நீ வந்து குளிர்ல நின்னு தோள ஏன் கெடுத்துக்கணும்?" என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

இரவு உணவுக்குப் படகோடு திரும்பி வந்தார்கள். எனக்காக ஒரு பை சீஸ் துண்டுகள் வாங்கி வந்திருந்தார், அது பாதி தீர்ந்திருந்தது. வண்டியில் நான் வழக்கமாக உட்காரும் இருக்கை பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. ட்ரூடி என்னைவிட உயரம். மிதியடியில் சூரியகாந்தி விதைத் தோல் கிடந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதைக் கொறிப்பதில்லை.

அதன் பிறகு வெர்லின், படகில் பாதி ட்ரூடியுடையது என்றும், பதிவில் இரண்டு பேர் பெயரும் வரவேண்டும் என்றும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில், அடுப்பில் வேகவைத்த ஹாட்டிஷ் கறியைப் பரிமாறிக்கொண்டே சொன்னார். பிறகு, "மாரிட், இந்தப் பதிவு வேலைய நீயே முடிச்சுக் குடுத்துடேன். நம்ம வீட்ல நீதான் இதுல கெட்டி. நான் போனா அந்த ஜன்னல்லயே சண்டை போட்டுட்டு வந்துருவேன்" என்றார். சரி என்றேன்.

மாவட்ட உரிம அலுவலகத்துக்கு ஏப்ரலில் மூன்று தடவை போனேன். முதல் தடவை, படகு வேறு, ட்ரெய்லர் வேறு, இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு என்று சொன்னார்கள். விற்றவர் ட்ரெய்லருக்கு உரிமைப் பத்திரம் எடுக்காமலே பல வருடம் ஓட்டியிருந்தார். அதனால் அவரிடம் பேசி, இரண்டையும் தனித்தனியாக விற்றதாக எழுதி வாங்கினேன். இரண்டாம் தடவை, படகின் பின்பக்கம் பொறித்திருக்கும் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து வரச் சொன்னார்கள். அன்று மாலை கராஜில் குனிந்து தாளை வைத்துத் தேய்த்தேன். அந்த எண்ணுக்கு நேர் கீழே வடிகால் துளை இருந்தது. மூடி போடாமல் திறந்து இருந்தது. சாலையில் இழுத்துப் போகும்போது துளை திறந்திருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். ஓர் ஏரியின் தண்ணீரை இன்னோர் ஏரிக்குக் கொண்டுபோகக் கூடாது. ஏரியில் இறக்குவதற்கு முன்னால் பித்தளை மூடியைத் திருகிப் போட வேண்டும். பழைய படகில் அது என் வேலை. மூடி என் கோட்டுப் பையில் இருக்கும். ஏரிக்கரையில் வெர்லின் "மூடி போட்டாச்சா?" என்று கத்துவார், நான் "போட்டாச்சு" என்பேன். பதினான்கு வருடத்தில் ஒரு தடவையும் நான் மறந்ததில்லை.

மூன்றாம் தடவை போனபோது ஜன்னலில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த லவோன் என்ற பெண் இருந்தார். தாள்களைப் புரட்டிவிட்டு, "வெர்லின் ஹாக்டால், ட்ரூடி வாங்ஸ்னெஸ். நீங்கதான் ட்ரூடியா? பேரு வேற வேறயா இருக்கு. நல்லதுதான், நானும் கல்யாணத்துக்கப்புறம் மாத்தல. மாத்தியிருந்தா விவாகரத்தப்போ மறுபடி அலைஞ்சிருக்கணும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். "புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து படகு வாங்கறதே அபூர்வம். எங்க வீட்ல இருந்தவன் என்னைக் கரையிலயே விட்டுட்டுப் போயிருவான். குடுத்து வெச்சவங்க நீங்க" என்றார். நான் ட்ரூடி இல்லை என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கு நேரம் இருந்தது. வெர்லின் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அதற்குக் கீழே இருந்த கோட்டைக் காட்டி, "இங்க ஒண்ணு" என்று லவோன் பேனாவைத் தந்தார். ட்ரூடி வாங்ஸ்னெஸ் என்று எழுதினேன். அவசரமில்லாமல், அழகாக எழுதினேன். வாழ்த்துகள் என்றார். நன்றி என்றேன். லவோன் மேல் குற்றமில்லை.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று துணை ஷெரிஃப் கேட்டார். அந்த ஜன்னலில் நின்ற நேரம் மட்டும் அந்தப் படகில் எனக்கும் ஓர் இடம் இருந்தது.

அவர்களுக்குள் வேறு உறவு இருந்ததா என்றும் கேட்டார். எனக்குத் தெரியாது. இல்லை என்றே நினைக்கிறேன். வெர்லின் என்னிடம் கூரையைப் பற்றியும் கழிவுநீர்த் தொட்டியைப் பற்றியும் பேசுவார். படகில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. மாலை நேரத்தில் தண்ணீரின் மேல் ஒலி வெகுதூரம் வரும், காரணத்தை வகுப்பில் நானே நடத்துகிறேன். கரையில் நின்றால் அவர்கள் சிரிப்பது கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது கேட்காது.

அதன் பிறகு மே மாதம், மீன்பிடிப் பருவம் திறக்கும் சனிக்கிழமை வந்தது. முந்தின நாள் மாலை வெர்லின் மூடியை வண்டியின் முன்பக்கத்தில் குவளை வைக்கும் குழியில் போட்டுவிட்டு, "நாளைக்கு ட்ரூடி போட்டுக்குவா. நீ குனிய வேணாம். ட்ரெய்லர ரிவர்ஸ் எடுத்துக் குடுத்தா போதும், அதுல உன்ன மிஞ்ச ஆள் கிடையாது" என்றார். அவர் உள்ளே போன பிறகு அந்த மூடியை எடுத்து என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

காலையில் ஏரிக்கரையில் வரிசையாகப் படகுகள் காத்திருந்தன. எங்களுக்கு அடுத்து லெராய் ஃபிஸ்க்கும் அவர் தம்பியும் அகலமான தட்டைப் படகோடு நின்றார்கள். "என்ன வெர்லின், ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்திருக்க? எனக்கெல்லாம் வீட்ல இருக்கற ஒண்ணே படகுல ஏற மாட்டேங்குது!" என்று லெராய் கத்தினார். "அவங்க டிரைவர், நான் கூலியாள், இவன் சும்மா பாரம்!" என்று ட்ரூடி பதிலுக்குக் கத்தினார். வரிசை முழுவதும் சிரித்தது. வெர்லின்தான் அதிகம் சிரித்தார்.

நான் ட்ரெய்லரைத் தண்ணீர் ஓரம் வரை பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். வெர்லின் படகில் ஏறி நின்றார். ட்ரூடி கயிற்றைத் துறைப்பலகையில் சுற்றிவிட்டு, மூடியை எடுக்க வண்டியை நோக்கித் திரும்பினார். அப்போது வெர்லின், எப்போதும் போல, "மூடி போட்டாச்சா?" என்று கத்தினார். அவர் யாரைப் பார்த்துக் கேட்டார் என்று என்னால் சொல்ல முடியாது. நான் ஓட்டுநர் ஜன்னல் வழியாக "போட்டாச்சு" என்றேன். அப்போது என் வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

ட்ரூடி ஜன்னலருகே வந்து, "அய்யோ, நீங்களே போட்டுட்டீங்களா டீச்சர்? தோள் வலியோட எதுக்கு? தேங்க்ஸ்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நான் ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்கினேன், படகு மிதந்தது.

பழக்கத்தில் வாய் தவறி வந்தது என்று இன்று காலை இந்த அறையில் முதலில் சொன்னேன். அது உண்மையல்ல. அந்த வரியை அடித்துவிட்டேன். மூடி போடாமல் இறக்கினால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். வருடத்துக்கு ஒருவர் அப்படிச் செய்வார். துறையிலேயே படகுக்குள் தண்ணீர் ஏறும், பதறிக்கொண்டு மேலே இழுப்பார்கள், மற்றவர்கள் கைதட்டிச் சிரிப்பார்கள், மூடியை மறந்த ஆள் என்ற பெயர் அந்தக் கோடை முழுவதும் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டத்தின் முன்னால் ட்ரூடிக்கு அப்படி நடக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

ஆனால் அவர்கள் துறையில் நிற்கவில்லை. நல்ல இடத்தை வேறு யாரும் பிடித்துவிடக் கூடாது என்று உடனே வேகமெடுத்துப் போனார்கள். வேகமாகப் போகும் வரை உள்ளே வந்த தண்ணீர் அதே துளை வழியாக வெளியேறிவிடும். நின்றால்தான் நிரம்பும். இது எனக்குத் தெரியும். வண்டியை நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோனபோது நினைவு வந்தது. வெர்லினின் போனுக்கு அழைத்தேன். அது என் பக்கத்துக் குவளைக் குழியில் ஒலித்தது. ட்ரூடியின் எண் என் போனில் இல்லை. முன்பு இருந்தது, பிப்ரவரியில் நானே அழித்தேன்.

அதன் பிறகு ஓடிப்போய், தன் படகைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்த லெராயிடம் மூடியைக் காட்டி, "அவங்க படகுல இது இல்ல, போங்க, சீக்கிரம் போங்க" என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் போனார். போய்ச் சேர்ந்தபோது படகின் பின்பாதி மூழ்கியிருந்தது என்றும், வெர்லின் முன்முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்றும், ட்ரூடியின் காலில் கயிறு சிக்கியிருந்தது என்றும் லெராய் பிறகு சொன்னார். பனிக்கட்டி உருகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கரைக்குக் கொண்டுவந்தபோது ட்ரூடியின் உதடு நீலமாக இருந்தது, அவர் நடுங்கவில்லை. நடுங்காமல் இருப்பது கெட்ட அறிகுறி என்று ஆம்புலன்ஸில் வந்தவர் சொன்னார். வெர்லின் தன் பற்கள் தந்தியடிக்க அவர் பக்கத்தில் மண்டியிட்டு, "ட்ரூடி, கண்ணத் தொற. ஏய், கண்ணத் தொறடி" என்றார். நான் இரண்டு போர்வைகளோடு நின்றேன். வெர்லின் இரண்டையும் வாங்கி ட்ரூடிமேல் போட்டார்.

நான்காம் நாள் மருத்துவமனையில் ட்ரூடி என் கையைப் பிடித்துக்கொண்டு, "லெராய் சொன்னாரு, டீச்சர். நீங்க ஓடி வரலன்னா நான் போயிருப்பேன்" என்றார். ஸ்டோர்விக்கில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். சர்ச்சில் என் பெயரைச் சொல்லி நன்றி ஜெபம் நடந்தது. "போட்டாச்சு" என்று நான் சொன்னது ட்ரூடிக்கு நினைவில்லை. அன்று காலை நடந்தது எதுவுமே அவருக்கு நினைவில்லை.

வெர்லினுக்கு நினைவிருக்கிறது. வீட்டுக்கு வந்த அன்று, நான் கேட்காமலே, "மோட்டார் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல, மாரிட்" என்றார். நான் "போட்டாச்சு" என்றபோது மோட்டார் ஓடவில்லை.

அதன் பிறகு காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். பதிவுத் தாளைக் காட்டியபோது, தான் உரிம அலுவலகத்துக்குப் போனதே இல்லை, அது தன் கையெழுத்து இல்லை என்று ட்ரூடி சொல்லியிருக்கிறார். கூட்டாளியின் கையெழுத்தைப் பொய்யாகப் போட்டு, காப்பீட்டுப் பணத்துக்காகப் படகை மூழ்கடித்ததாக வெர்லின் மேல் சந்தேகம் வந்தது. கையெழுத்தைத் தானே போட்டதாகவும், மூடியைத் தானே மறந்ததாகவும் நேற்று வெர்லின் இதே அறையில் சொல்லியிருக்கிறார். இரண்டும் பொய். திங்கட்கிழமை அவர்மேல் வழக்குப் பதிவாகும் என்று அறிந்து வந்தேன்.

"அவள இதுல இழுக்காதீங்க" என்று வெர்லின் கேட்டுக்கொண்டதாகத் துணை ஷெரிஃப் என்னிடம் சொன்னார். எவளை என்று கேட்டேன். "உங்களைத்தாம்மா" என்றார். அதை எழுத வேண்டாம் என்றார். எழுதச் சொன்னேன்.

நான் செய்தது எதுவும் வெர்லினுக்கு முன்கூட்டித் தெரியாது. ட்ரூடிக்கும் தெரியாது. பித்தளை மூடியை இந்த வாக்குமூலத்தோடு ஒப்படைக்கிறேன். அந்தச் சனிக்கிழமையிலிருந்து இன்றுவரை அது என் கோட்டுப் பையில்தான் இருந்தது.

இதை முழுவதும் படித்துப் பார்த்தேன். என் வார்த்தைகள் சரியாகவே எழுதப்பட்டிருக்கின்றன. யாரும் என்னை மிரட்டவில்லை, எதையும் தருவதாகச் சொல்லவில்லை. கீழே உள்ள பெயர் என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது.

(ஒப்பம்) மாரிட் ஹாக்டால்

என் முன்னிலையில் கையெழுத்திடப்பட்டது.
(ஒப்பம்) கர்ட் ஓல்ஹாஃப், துணை ஷெரிஃப், டார்ன்விக் மாவட்டம்